மருந்துக்கடையின் ஆரோக்கியம்

அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடுகிறீர்கள். கடைக்காரர் சீட்டைப் பார்க்கிறார். அலமாரியில் கையை விட்டு ஓர் அட்டையை எடுக்கிறார். கத்தரிக்கோலால் ஆறு மாத்திரைகளை நறுக்கி, சிறிய காகித உறையில் போட்டு, மேலே '1–0–1' என்று எழுதி நீட்டுகிறார். "பில் வேணுமா தம்பி?" என்று கேட்கிறார். "வேண்டாம் அண்ணே" என்கிறீர்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது.

அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை காரியங்கள் சரியாக நடந்திருக்க வேண்டும் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

கத்தரிக்காய் வாங்கும்போது நாம் புரட்டிப் பார்க்கிறோம். புழுத்துளை இருந்தால் ஒதுக்கிவிடுகிறோம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறோம். மாத்திரையை என்ன செய்து பார்ப்பது? வெள்ளையாக, வட்டமாக இருக்கிறது. அதற்குள் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறதா, 300 இருக்கிறதா, வெறும் சுண்ணாம்புத் தூள்தானா என்பதை நாக்கும் சொல்லாது, மூக்கும் சொல்லாது. வாங்குகிறவர் தன் புலன்களால் சோதிக்க முடியாத சரக்கு மருந்து. அதனால்தான் மற்றக் கடைகளுக்கு இல்லாத கட்டுப்பாடுகள் மருந்துக்கடைக்கு மட்டும் இருக்கின்றன.

இந்தியாவில் இந்தக் கட்டுப்பாடுகள் வந்த கதை நூறாண்டு கூட ஆகாதது. 1920-களில் நம் நாட்டுச் சந்தையில் கலப்பட மருந்துகள் மலிந்திருந்தன. மலேரியாவுக்கு உயிர்காக்கும் மருந்தாக இருந்த குவினைனிலேயே போலிகள் புகுந்தன. கூச்சல் எழுந்தது. 1930-இல் ஆர்.என். சோப்ரா என்ற மருந்தியல் அறிஞர் தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் சிபாரிசுகள் பத்தாண்டு கழித்து 1940-இல் மருந்துச் சட்டமாக ஆயின. 1945-இல் விதிகள் வந்தன. 1948-இல் மருந்தாளுநர் தொழிலுக்கென்று தனிச் சட்டம் வந்தது. திருத்தங்கள் பலவற்றோடு, உங்கள் தெருமுனைக் கடையை இன்றும் கட்டுப்படுத்துவது இந்த அடித்தளம்தான்.

மருந்துக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் அமெரிக்காவில் 1937-இல் நடந்த ஒரு துயரத்தை மறக்கவே முடியாது. சல்பனிலமைடு என்ற நல்ல மருந்து அப்போது மாத்திரையாகவும் தூளாகவும் கிடைத்தது. குழந்தைகளுக்கும் பிடிக்கும்படி இனிப்பான திரவமாகக் கொடுத்தால் என்ன என்று ஒரு நிறுவனம் நினைத்தது. அந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைந்தது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

தயாரித்தது 240 காலன். ஆய்வாளர்கள் நாடு முழுவதும் ஓடி, 234 காலனைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள். எப்படி முடிந்தது? மருந்துக்கடைகளிலும் மொத்த வியாபாரிகளிடமும் இருந்த விற்பனைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, யார் வாங்கினார்கள் என்று தேடிப் போனார்கள். 'பில் வேண்டாம்' என்று சொன்னீர்கள் அல்லவா? அந்தத் துண்டுக் காகிதத்தின் மதிப்பு இதுதான். மறுபடி அதற்கு வருவோம்.

இனிப்பான அந்த நஞ்சு அதோடு ஒழிந்துவிடவில்லை. அது பார்ப்பதற்கும் தொடுவதற்கும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற தீங்கற்ற கரைப்பான்களைப் போலவே இருக்கும். விலையும் குறைவு. தொழிற்சாலைகளில் வேறு காரியங்களுக்குப் பயன்படுவது. தவறுதலாகவோ பேராசையாலோ அது மருந்துக்குள் நுழைந்துவிடுகிறது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை டைகிளைக்காலிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களைக் கொல்கிறது. 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இதற்குப் பலியானார்கள். 1986-இல் பம்பாயில், மருத்துவமனையில் கிளிசரின் என்று நம்பிக் கொடுக்கப்பட்ட திரவத்தில் இது இருந்தது. 14 பேர் இறந்தனர். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்டு ஏறக்குறைய 70 குழந்தைகளின் மரணம் பேசப்பட்டது.

2025-இல் அது மறுபடியும் நம் வாசலுக்கே வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அந்த மருந்து தயாரான இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் மாதத் தொடக்கத்தில் தொழிற்சாலையில் மாதிரி எடுத்துச் சோதித்தபோது, 100 மில்லிலிட்டருக்கு 48.6 கிராம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1. கணக்குப் போட்டுப் பாருங்கள், 486 மடங்கு! புட்டியில் ஏறக்குறையப் பாதி நஞ்சு. தொழிற்சாலையின் உரிமம் பின்னர் ரத்து செய்யப்பட்டது.

இதில் மருந்துக்கடைக்காரர் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புட்டியைக் கையில் பிடித்துப் பார்த்து எந்தக் கடைக்காரராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது; சோதனைச்சாலையில்தான் முடியும். கடைக்காரரின் கடமை வேறு. உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடமிருந்து பில்லோடுதான் சரக்கு வாங்க வேண்டும். ஒவ்வொரு சரக்கின் பேட்ச் எண்ணும் பதிவில் இருக்க வேண்டும். 'இந்த பேட்சை நிறுத்து' என்று அறிவிப்பு வந்தால், அந்த மணி நேரமே அலமாரியிலிருந்து அதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். இதைச் செய்யும் கடையில் நஞ்சு ஒரு நாள் நிற்கும். செய்யாத கடையில் மாதக்கணக்கில் நிற்கும்.

பேட்ச் எண் என்றால் என்ன? ஒரே தடவையில், ஒரே கலவையிலிருந்து தயாரான மருந்துகள் அனைத்துக்கும் இடப்படும் பொது எண். இட்லிக் கடையில் ஓர் ஈடு இட்லி புளித்துப்போனால் அந்த ஈடு முழுவதும்தான் புளிக்கும். அடுத்த ஈடு நன்றாக இருக்கலாம். அதுபோலத்தான். சென்ற ஆண்டு மாத்திரைகளில் கோளாறு என்றால் எந்த ஈடு என்று தெரிய வேண்டும். பில்லில் அந்த எண் அச்சாகியிருக்கும். நறுக்கிய ஆறு மாத்திரையில் பெரும்பாலும் இருக்காது.

வெயிலும் வேதியியலும்

தொழிற்சாலையிலிருந்து நல்ல மருந்தே வந்தது என்று வைத்துக்கொள்வோம். கடையில் அது என்ன ஆகிறது? என் எண்ணத்தில், ஒரு மருந்துக்கடையின் தரத்தை அளக்க மிகச் சிறந்த கருவி சுவரில் தொங்கும் வெப்பமானி. பல கடைகளில் அது இருப்பதில்லை. இருந்தாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

மருந்து என்பது ஒரு வேதிப்பொருள். அது மெல்ல மெல்ல வேறு பொருளாக மாறிக்கொண்டே இருக்கும். சுவாண்டே அர்ரீனியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி 1889-இல் வெப்பநிலைக்கும் வேதிவினையின் வேகத்துக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதினார். அதிலிருந்து கிடைக்கும் தோராயமான விதி ஒன்று உண்டு: வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும்.

ஒரு மருந்து 25 டிகிரியில் 24 மாதம் தாங்கும் என்று கொள்ளுங்கள். இந்த விதிப்படி 35 டிகிரியில் 12 மாதம். 45 டிகிரியில் 6 மாதம். தகரக் கூரை போட்ட கடையில், மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு, மேல் தட்டு அலமாரியில் என்ன வெப்பநிலை இருக்கும்? வேலூரிலோ மதுரையிலோ இருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மருந்தும் இந்த விதிக்கு அப்படியே கட்டுப்படாது. பல மாத்திரைகள் நல்ல உறுதியானவை. ஆனாலும் அட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதி, 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், வெளிச்சம் படாமல் வைத்தால்' என்ற நிபந்தனையோடு கொடுத்த வாக்குறுதி. நிபந்தனை மீறப்பட்டால் வாக்குறுதி செல்லாது.

காலாவதித் தேதி என்றதும் அன்று நள்ளிரவு மருந்து விஷமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலும் மருந்தின் அளவு குறித்த எல்லைக்குக் கீழே, பொதுவாக 90 சதவீதத்துக்குக் கீழே, இறங்காமல் இருக்கும் என்று தயாரிப்பாளர் சோதித்து உறுதி கூறும் கடைசி நாள் அது. ஆனால் விஷமாவதும் உண்டு. பழுதான டெட்ராசைக்ளின் மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 1963-இல் மருத்துவ இதழ்களில் செய்தி வந்தது. ஆகவே தேதி கடந்த மருந்தை விற்கக் கூடாது என்பது சட்டம். விற்பனைச் சரக்கோடு சேர்த்து வைக்கவும் கூடாது. தனிப் பெட்டியில், 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி ஒதுக்க வேண்டும்.

ஒரு மருந்து கெடுவதை மூக்கால் அறிய முடியும் என்றால் அது ஆஸ்பிரின் ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆஸ்பிரினின் வேதிப்பெயர் அசிட்டைல் சாலிசிலிக் அமிலம். காற்றிலுள்ள ஈரம் பட்டால் அது நீராற்பகுப்பு அடைந்து சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிகிறது. அசிட்டிக் அமிலம் என்பது வினிகரின் புளிப்புக்குக் காரணமான பொருள் அல்லவா? எனவே பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் காடி வாசனை வரும். மாத்திரைப் புட்டிகளில் சிறு பொட்டலமாகக் கிடக்கும் சிலிக்கா ஜெல், இந்த ஈரத்தை உறிஞ்சத்தான். அதை விளையாட எடுத்துக்கொண்டு புட்டியை மட்டும் மூடி வைக்காதீர்கள்.

வெளிச்சமும் ஒரு பகைவன். டானிக் புட்டிகள் பழுப்பு நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. பழுப்புக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களையும் நீல ஒளியையும் பெரும்பாலும் தடுத்துவிடும். சாலையைப் பார்த்த கண்ணாடி அலமாரியில், மாலை வெயில் நேராக விழும்படி புட்டிகளை அடுக்கியிருக்கும் கடையைப் பார்த்தால் எனக்கு உள்ளே போகவே மனம் வருவதில்லை.

குளிர்பெட்டியின் கதை

சில மருந்துகளுக்கு அறை வெப்பநிலையும் ஆகாது. இன்சுலின், பல தடுப்பூசி மருந்துகள் ஆகியவற்றை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் வைக்க வேண்டும். அதனால்தான் சில்லறை மருந்துக்கடைக்கு உரிமம் கொடுக்கும்போது, குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு பிரிட்ஜ் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். பிரிட்ஜ் இருப்பது வேறு. அது சரியாக இயங்குவது வேறு.

என் பெரியம்மாவுக்கு நீரிழிவு. ஒரு கோடையில் அவருக்கு வாங்கிய புது இன்சுலின் குப்பி வேலையே செய்யவில்லை. வழக்கமான அளவு போட்டும் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை. "சோத்தைக் கொறைக்கச் சொன்னா கேக்கிறியா?" என்று பெரியப்பா அவரைத்தான் திட்டினார். பாவம், பெரியம்மா இரண்டு நாள் அரைவயிறு சாப்பிட்டார். அப்புறம் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, கலங்கலாக ஒரே சீராக இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளைத் துகள்கள் கட்டிகட்டியாக மிதந்தன; சில கண்ணாடிச் சுவரில் உறைபனி போல ஒட்டியிருந்தன. கடைக்குப் போய்ப் பார்த்தேன். இன்சுலின் பெட்டிகளை ஃப்ரீசரை ஒட்டி, பனிக்கட்டி படிந்த சுவரோடு சேர்த்து அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் கெட்டவர் அல்லர். "நல்லா ஜில்லுனுதான் சார் வெச்சிருக்கேன்" என்று பெருமையாகவே சொன்னார்!

அவருக்குத் தெரியாதது இதுதான். இன்சுலின் ஒரு புரதம். புரதத்தின் ஆற்றல் அதன் மடிப்பில் இருக்கிறது. உறையும்போது உண்டாகும் பனிப் படிகங்கள், மூலக்கூறுகளையும் துகள்களையும் நெருக்கித் தள்ளி ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். மறுபடி உருகினாலும் பழைய நிலை வராது. வெந்த முட்டையைக் குளிரவைத்தால் பச்சை முட்டை ஆகுமா? ஆகவே உறைந்த இன்சுலினை எறிந்துவிட வேண்டியதுதான். சூடு மெல்லக் கெடுக்கும். உறைவு ஒரே இரவில் கெடுக்கும். டெட்டனஸ் தடுப்பு ஊசி மருந்தும் இப்படித்தான். அதில் கலந்துள்ள அலுமினிய உப்பின் நுண்துகள்கள் உறைந்தால் திரண்டுவிடும். அதைக் கண்டுபிடிக்கச் செவிலியர் ஓர் எளிய சோதனை செய்வார்கள்: சந்தேகப்படும் குப்பியையும், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய அதே பேட்ச் குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி மேசையில் வைப்பார்கள். உறைந்து கெட்டதில் கப்பி விரைவாக அடியில் தங்கும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் தங்கினால் அதுவும் கெட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. இரவு கடையைப் பூட்டும்போது, மின்கட்டணத்துக்குப் பயந்தோ தீ விபத்துக்குப் பயந்தோ மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது. பகலெல்லாம் 5 டிகிரி காட்டும் பெட்டி விடியற்காலையில் என்ன காட்டும்? அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. குறைந்த அளவையும் கூடிய அளவையும் பதிந்து வைத்துக்கொள்ளும் வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதன் விலை சில நூறு ரூபாய்தான். பெட்டிக்குள்ளேயே தயிர்ச்சாத டிபன் பாக்சும் சோடாவும் இருந்தால், கதவு ஒரு நாளில் எத்தனை தடவை திறக்கிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சீட்டைப் படிப்பவர்

கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பவர் யார்? சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். அவர் மருந்தியலில் பட்டயமோ பட்டமோ பெற்று, மாநில மருந்தாளுநர் மன்றத்தில் பதிவு செய்தவர். அவருடைய சான்றிதழும் கடையின் உரிமமும் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். சில இடங்களில் சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கும். ஆள் வேறு ஊரில் இருப்பார். சான்றிதழை வாடகைக்கு விடுவது, டிரைவர் தன் லைசென்சை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வது போன்றது.

அவர் அங்கே இருப்பது எதற்கு? படிக்கத் தெரிந்த யாரும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிடலாமே? இங்கிலாந்தில் 1980-களில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். மார்புச் சளிக்கு டாக்டர் எழுதியது அமாக்சில் என்ற ஆன்டிபயாடிக். கையெழுத்துக் கிறுக்கலாக இருந்ததால் மருந்தாளுநர் அதை டயோனில் என்று படித்தார். டயோனில் நீரிழிவு மாத்திரை. இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது. நோயாளிக்கு நீரிழிவே கிடையாது. சர்க்கரை அளவு மளமளவென்று இறங்கி, அவருடைய மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. நீதிமன்றம் பொறுப்பை எப்படிப் பங்கிட்டது தெரியுமா? கிறுக்கிய டாக்டருக்கு 25 சதவீதம்; மருந்தாளுநருக்கு 75 சதவீதம்! எழுத்து தெளிவில்லை என்றாலும், எழுதியிருந்த அளவும் எத்தனை வேளை என்பதும் நீரிழிவு மாத்திரைக்குப் பொருந்தாதவை. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சந்தேகப்படுவதற்குத்தான் படிப்பு.

நம் வீடுகளில் நடக்கக்கூடிய ஒரு கணக்கையும் பார்ப்போம். குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் திரவமாகப் பல செறிவுகளில் கிடைக்கிறது. சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் இருக்கலாம். 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 150 மில்லிகிராம் போதும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டால்? 500 மில்லிகிராம், அதாவது வேண்டியதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஒரு தடவையோடு தப்பலாம். நாளைக்கு நான்கு வேளை, மூன்று நாள் என்றால் கல்லீரல் தாங்காது. நல்ல மருந்தாளுநர் "பாப்பாவுக்கு எத்தனை வயசு? எத்தனை கிலோ?" என்று கேட்பது இதனால்தான். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒவ்வொன்றும் ஓர் அளவு. மூடியோடு வரும் அளவுக் குப்பியைப் பயன்படுத்துங்கள் என்றும் அவரே சொல்வார்.

அவர் 'இல்லை' என்று சொல்வதும் அவருடைய வேலைதான். மாத்திரை அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதற்கு அது அடையாளம். வீரியமான சில ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் 2014 முதல் 'ஹெச்-1' என்ற தனிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். சளிக்கு இரண்டு மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு மூன்று மாத்திரை என்று ஆன்டிபயாடிக்கை நாமே வாங்கிப் போட்டால், பலவீனமான கிருமிகள் சாகும். மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகும். அவை உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. சீட்டு கேட்கும் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, கேட்காத அடுத்த கடைக்குப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

நான்கு பங்கு

மருந்து ஆய்வாளர் ஒருவர் திடீரென்று கடைக்குள் வருகிறார். உரிமம், பில், பதிவேடு, பிரிட்ஜ் எல்லாம் பார்க்கிறார். பிறகு சில மருந்துகளை மாதிரிக்கு எடுக்கிறார். சும்மா அல்ல, அதற்குரிய விலையைக் கொடுத்து எடுக்கிறார். எடுத்ததை நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைக்கிறார். ஒரு பங்கு கடைக்காரருக்கே, ஒன்று அரசின் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று தயாரிப்பாளருக்கு. நாளை வழக்கு வந்து 'மாதிரியையே மாற்றிவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால், மற்றப் பங்கை உடைத்துச் சோதிக்கலாம். விஞ்ஞானமும் நீதியும் கைகோத்த ஏற்பாடு இது என்று எனக்குத் தோன்றும்.

சோதனைச்சாலையில் என்ன செய்வார்கள்? முதலில் எடை. 20 மாத்திரைகளைத் தனித்தனியே நிறுத்துச் சராசரி காண்பார்கள். 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள மாத்திரையானால், இரண்டுக்கு மேல் எதுவும் சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு அதிகமாக விலகக் கூடாது. ஒன்றுகூட 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிறகு உடையும் சோதனை. 37 டிகிரி வெப்பமுள்ள நீரில், அதாவது நம் உடம்பின் சூட்டில், ஆறு மாத்திரைகளை மேலும் கீழும் ஆட்டுவார்கள். மேற்பூச்சு இல்லாத மாத்திரை 15 நிமிடத்துக்குள் உடைந்து கலைய வேண்டும். கலையாத மாத்திரை எவ்வளவு நல்ல மருந்தைச் சுமந்தாலும் வயிற்றில் கல் போல உருண்டு வெளியேறிவிடும். கடைசியாக, உள்ளே மருந்து எவ்வளவு என்ற அளவீடு. இந்தியாவில் இதற்கு அளவுகோல் 'இந்தியன் பார்மக்கோப்பியா' என்ற நூல். முதற்பதிப்பு 1955-இல் வந்தது. பாரசிட்டமால் மாத்திரை என்றால், அட்டையில் சொன்ன அளவில் 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது.

இந்தச் சோதனைகளில் தோற்கும் மருந்துகள் இருவகை. போலி என்பது வேறொருவர் பெயரில் ஏமாற்றிச் செய்தது. தரக்குறைவு என்பது உரிமம் பெற்ற ஆலையிலேயே கவனக்குறைவாகச் செய்தது, அல்லது வழியிலும் கடையிலும் கெட்டது. எது அதிகம் என்று நினைக்கிறீர்கள்? 2014–16-இல் நாடு முழுவதும் எடுத்த சுமார் 47,000 மாதிரிகளின் ஆய்வில், தரக்குறைவானவை ஏறக்குறைய 3 சதவீதம், போலி 0.02 சதவீத அளவே. சினிமாவில் வரும் போலி மருந்துக் கூட்டத்தைவிட, சாதாரண அசட்டையே நமக்குப் பெரிய எதிரி.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது நீங்கள் பார்க்க வேண்டியது அதிகமில்லை. உரிமமும் மருந்தாளுநரின் சான்றிதழும் சுவரில் இருக்கின்றனவா, வெயில் எங்கே விழுகிறது, பிரிட்ஜைத் திறக்கும்போது உள்ளே என்ன தெரிகிறது, சீட்டை எத்தனை நொடி படிக்கிறார் என்பவைதான். மாத்திரையை நறுக்கும்போது, "தேதி இருக்கிற பக்கத்தை விட்டுட்டு நறுக்குங்க அண்ணே" என்று சொல்லுங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள துண்டு கடையில் கடைசி வரை இருந்தால் அடுத்து வாங்குகிறவருக்கும் உதவும். உங்களிடம் அந்த விவரம் இருப்பதற்குப் பில் இருக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களில் க்யூ.ஆர். குறியீடு அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அப்பாவின் கைபேசியில் அதைப் படித்து, பேட்ச் எண்ணும் தேதியும் அட்டையோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். வாங்கிய மருந்தில் சந்தேகம் வந்தால், பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பலருக்கு இது தெரியாது. சில கடைக்காரர்களுக்கே தெரியாது.

கடையைச் சோதித்துவிட்டோம். வீட்டை? கடையில் ஒரு மாதம் இருந்த மருந்து, உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் ஓராண்டு இருக்கக்கூடும். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானி கேட்டு வாங்கி, பெட்டி இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒரு வாரம், பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அளவைக் குறித்து, 10 டிகிரிக்கு இரு மடங்கு என்ற விதியைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் பெட்டி சமையலறையில், அடுப்புக்கு மேல் தட்டில் இருந்தது. எடுக்கக் கைக்கு வாகான இடம். மே மாதத்தில் அங்கே 41 டிகிரி. கூடத்தில், வடக்குச் சுவரை ஒட்டிய மர அலமாரியின் கீழ்த்தட்டில் 33. பெட்டியைக் கூடத்துக்கு மாற்றினேன். மாற்றும்போது அடியில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஆஸ்பிரின் புட்டி ஒன்று அகப்பட்டது. மூடியைத் திறந்தேன், ஊறுகாய் ஜாடி மாதிரி வாசனை அடித்தது.